லீடர் கழல்கிறதா, மாட்டுகிறதா, குவிகிறதா? ஃப்ளை லைன் இணைப்புக் கோளாறுகளும் சரிசெய்யும் முறைகளும்

இறகு கட்டிய செயற்கைப் பூச்சியை (ஃப்ளை) வீசி மீன் பிடிப்பதில், வீசுவதற்கான தடித்த கயிறு ஃப்ளை லைன்; அதன் நுனியிலிருந்து ஃப்ளை வரை போகும் மெல்லிய தூண்டில் நரம்பு லீடர். இரண்டும் சேரும் இடம் ஒரு செ.மீ. நீளம்கூட இருக்காது. அந்த ஒரு செ.மீ. நான்கு வேலைகளைச் செய்தாக வேண்டும். மீனின் இழுப்பைத் தாங்க வேண்டும். ராடின் (தூண்டில் கம்பு) கைடு வளையங்களுக்குள் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். வீச்சின் விசையை லைனிலிருந்து லீடருக்குக் குறையாமல் கடத்த வேண்டும். லைனின் மேலுறைக்குள் ஓடும் உள்ளிழையில் தண்ணீர் ஏறாமல் அடைக்க வேண்டும். இந்த இடத்தில் நீங்கள் காணும் கோளாறு எதுவானாலும் இந்த நான்கில் ஒன்று தவறியதால் வந்ததுதான்.

எது கெட்டாலும் பழைய முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு அதே முடிச்சைத் திரும்பப் போடுவதுதான் பலரின் வழக்கம். காரணம் அப்படியே இருப்பதால், இரண்டு நாளில் அதே கோளாறு திரும்பி வரும். அதனால் கீழே முடிச்சின் பெயரை வைத்துப் பிரிக்காமல், கண்ணில் படும் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறோம்.

எதையும் வெட்டுவதற்கு முன்

ஒரு சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லீடரின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய துண்டுதான் டிப்பெட். 0.15 மி.மீ. தடிமனுள்ள நைலான் டிப்பெட் ஏறத்தாழ 2 கிலோ இழுப்பில் அறும். நன்னீர் மீன்களுக்கான லைன்களின் உள்ளிழை பெரும்பாலும் 9 கிலோ வரை தாங்கும். லீடரின் தடித்த அடிமுனையும் அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே எவ்வளவு பெரிய மீன் மாட்டினாலும் முதலில் போக வேண்டியது டிப்பெட்தான். லைனும் லீடரும் சேரும் இடத்தில் கழன்றிருந்தால் மீனின் பலத்தைக் காரணம் சொல்ல முடியாது. கட்டியதில் பிழை இருக்க வேண்டும், இல்லையென்றால் இணைப்பு தேய்ந்துபோயிருக்க வேண்டும்.

அடுத்து, அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொடியின் பற்றுக்கம்பி போலச் சுருண்டிருந்தால், நரம்பு அறவில்லை. முடிச்சு வழுகி அவிழ்ந்திருக்கிறது. சுருள் இல்லாமல் பட்டென்று முடிந்திருந்தால், முடிச்சின் கழுத்தில் அறுந்திருக்கிறது. சாய்வாகச் சீவியதுபோல் இருந்தால் பாறையோ பல்லோ வெட்டியது. முனைக்குப் பின்னால் சில செ.மீ. நீளத்துக்குச் சொரசொரப்பாக இருந்தால் உராய்வு. முனையருகே வெள்ளை பூத்திருந்தால், முடிச்சை நனைக்காமல் இறுக்கியதில் ஏற்பட்ட சூடு நரம்பைக் கெடுத்திருக்கிறது. இந்த ஐந்தில் எது என்று தெரியாமல் அடுத்த முடிச்சைப் போடாதீர்கள்.

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை: கூர்மையான நகவெட்டி, தையல் ஊசிகள் இரண்டு அளவில், ஒரு சவரப் பிளேடு, மெல்லிய உப்புத்தாள் ஒரு துண்டு, 2 முதல் 3 மி.மீ. தடிமனும் 5 செ.மீ. நீளமும் உள்ள ஒரு குழாய் (காலியான பேனா ரீஃபில் துண்டே போதும்), தண்ணீர்போல ஓடும் சூப்பர் குளூ, காய்ந்த பின்னும் வளைந்துகொடுக்கும் வகை யுவி ரெசின் (புற ஊதா விளக்கில் உறையும் பிசின்), 0.25 மி.மீ. மற்றும் 0.50 மி.மீ. நைலான் நரம்பு. முடிச்சை இழுத்துச் சோதிக்கும்போது நரம்பை வெறும் விரலில் சுற்றாதீர்கள், சதையை அறுத்துவிடும். துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: லீடர் முழுசாக உருவிக்கொண்டு வந்துவிட்டது, லைன் நுனி அப்படியே இருக்கிறது

லீடரின் தடித்த முனை சுருண்டிருக்கும். லைனின் மேலுறையில் முடிச்சு இருந்த இடத்தில் லேசான பள்ளங்கள் மட்டும் தெரியும். நெயில் நாட், அதாவது லைன்மேல் நரம்பைச் சுற்றிக் கட்டும் முடிச்சு, வழுகியதன் அடையாளம் இது. அந்த முடிச்சின் பிடிமானம் முழுவதும், நரம்பின் சுற்றுகள் மெத்தென்ற மேலுறையில் பதிவதில்தான் இருக்கிறது. சுற்று குறைந்தால், ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், மேலுறையில் மெழுகோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் சுற்றுகள் பதியாது.

லைன் நுனியில் 2 செ.மீ. வெட்டி நீக்குங்கள். புதிய நுனியைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, இப்படிக் கட்டுங்கள்:

1. லைன் நுனி வலப்பக்கம் பார்க்கட்டும். அதனோடு குழாயை ஒட்டிவைத்து இடக்கை விரல்களால் பிடியுங்கள்.
2. லீடரின் தடித்த முனை இடப்பக்கம் பார்க்கும்படி இரண்டின்மேலும் வையுங்கள். முனையில் 25 செ.மீ. மிச்சம் தொங்கட்டும்.
3. அந்த மிச்சத்தை மடக்கி, லைன், குழாய், லீடர் மூன்றையும் சேர்த்து வலப்பக்கமாக, அதாவது லைன் நுனியை நோக்கி, 6 சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும். கடைசிச் சுற்று லைன் நுனிக்கு 5 மி.மீ. முன்னதாக நிற்கட்டும்.
4. மிச்ச முனையைக் குழாயின் வலவாயில் நுழைத்து இடவாயில் வெளியே எடுங்கள்.
5. சுற்றுகளை விரலால் அழுத்தியபடியே குழாயை இடப்பக்கமாக உருவுங்கள். மிச்ச முனையை மெதுவாக இழுத்துத் தளர்ச்சியை மட்டும் எடுங்கள். இன்னும் இறுக்க வேண்டாம்.
6. எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். ஊசி முனையால் சுற்றுகளை வரிசைப்படுத்துங்கள். பிறகு மிச்ச முனையையும் லீடரையும் எதிரெதிராக ஒரே சீராக இழுங்கள். மிச்ச முனையைக் குறடால் பிடித்தால்தான் போதிய இறுக்கம் கிடைக்கும்.
7. கடைசியாக லைனையும் லீடரையும் எதிரெதிராக இழுத்துச் சோதியுங்கள். அதன்பிறகே மிச்ச முனையையும் லைன் நுனியையும் நறுக்குங்கள்.

அதிகம் தவறுவது ஐந்தாவது படியில். குழாயை உருவும்போது விரல் ஒரு நொடி விலகினாலும் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். ஏறிய முடிச்சு பார்வைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் இழுப்பு வரும்போது மேலே ஏறிய சுற்று நழுவி இறங்கும், அந்த இடைவெளியில் முடிச்சு தளரும். அப்படி ஏறியது தெரிந்தால் பசையை ஊற்றிச் சமாளிக்க நினைக்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதே சரி.

அறிகுறி: லீடரோடு லைனின் மேலுறையும் குழாய்போலக் கழன்று வந்தது

உள்ளிழை மட்டும் நூலாகத் தொங்கும். லீடர் முனையைப் பார்த்தால் நெயில் நாட் கலையாமல் இருக்கும், அதன் நடுவே மேலுறைத் துண்டு சிக்கியிருக்கும். இங்கே முடிச்சைக் குறை சொல்ல முடியாது. மேலுறைக்கும் உள்ளிழைக்கும் இடையே உள்ள ஒட்டு விட்டிருக்கிறது. பழைய லைனில் இது இயல்பு. கொசு விரட்டும் டீட் மருந்து கையில் பட்டு, அதே கையால் லைனைத் தொட்டாலும் மேலுறை கெடும். அதே முடிச்சைத் திரும்பப் போட்டால் அதே வழியில் போகும்.

முதலில் உள்ளிழை எந்த வகை என்று பாருங்கள். வெட்டிய முனையை நகத்தால் தேய்த்தால் பல நூல்களாகப் பிரிகிறதா? அப்படியானால் பின்னல் இழை, நடுவில் உள்ளீடற்றது. ஒரே கம்பிபோல நின்றால் ஒற்றை நரம்பு. இது தெரிந்தால்தான் அடுத்து எதைச் செய்யலாம் என்று முடிவெடுக்க முடியும்.

இரண்டு வகைக்கும் பொருந்துவது மடித்துக் கட்டும் கண்ணி (வளையம்). மேலுறை திடமாக இருக்கும் இடம் வரை வெட்டுங்கள். நுனியைச் சாய்வாகச் சீவுங்கள். 3 செ.மீ. பின்னோக்கி மடித்து, முனையில் ஒரு செ.மீ.க்கும் குறைவான கண்ணியை விட்டு, மீதி இரட்டைப் பகுதியின்மேல் 0.25 மி.மீ. நைலானால் இரண்டு நெயில் நாட் போடுங்கள். லைன் தடிமனாக இருந்தால் மூன்று. ஒவ்வொன்றிலும் 7 சுற்று. மேலே மெல்லியதாக யுவி ரெசின் பூசுங்கள். சாய்வாகச் சீவிய முனையும் ரெசினுக்குள் மறைய வேண்டும். இழுப்பு இப்போது இரட்டை லைனின்மேல் பரவுவதால் மேலுறை தனியாக உருவ வழியில்லை.

பின்னல் இழை என்றால் இன்னொரு நல்ல வழி உண்டு: ஊசி முடிச்சு. லைன் நுனியின் நடுவில் ஊசியைச் செருகி, 8 மி.மீ. உள்ளே போனதும் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். ஊசியை அப்படியே விட்டு, அதன் தலைப்பக்கத்தை தீக்குச்சியால் சில நொடி சூடாக்கினால் துளை மூடாமல் நிற்கும். மேலுறை உருகும் அளவுக்குச் சூடேற்ற வேண்டாம். லீடரின் தடித்த முனையைப் பிளேடால் 3 செ.மீ. நீளத்துக்கு ஊசிபோலச் சீவி, லைன் நுனி வழியாக நுழைத்துப் பக்கத் துளையில் வெளியே இழுங்கள். பிறகு மேலே சொன்னபடி குழாய் வைத்து 5 சுற்று. லீடர் லைனின் நட்டநடுவிலிருந்து புறப்படுவதால், முடிச்சு ஒரு பக்கமாகத் துருத்தாது. மெல்லிய லைன்களுக்கு இதைவிட அழகான இணைப்பு கிடையாது என்பது எங்கள் முடிவு. கட்ட எடுக்கும் பத்து நிமிடம் வீண் போகாது.

முடிச்சே இல்லாமல் ஒட்டுவதும் உண்டு. பின்னல் இழையின் நடுவெற்றிடத்துக்குள் 2 செ.மீ. ஊசியை ஓட்டிப் பக்கவாட்டில் எடுத்து, லீடர் முனையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, உள்ளே இழுத்து, கடைசி 2 செ.மீ.யில் சூப்பர் குளூ தடவி, ஒரே மூச்சில் இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கைடு வளையத்துக்குள் ஓடுவது தெரியவே தெரியாது. ஆனால் காய்ந்த சூப்பர் குளூ வளையாது. ஒட்டு முடியும் இடத்தில் லைன் மடிந்து மடிந்து மேலுறை வெடிக்கும். வெடிப்புத் தெரிந்த நாளே மாற்றிவிடுங்கள். இழுத்துப் பார்த்தேன், நிற்கிறதே என்று அதை வைத்து நம்பாதீர்கள்.

அறிகுறி: லைனோடு வந்த கண்ணி வெடித்திருக்கிறது அல்லது அறுபட்டிருக்கிறது

ஆலையிலேயே உருக்கி ஒட்டிய கண்ணியுள்ள லைன்களில், கண்ணியின் வளைவில் மேலுறை வெட்டுப்பட்டு உள்ளிழை வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலும் கண்ணியோடு கண்ணியைக் கோத்த விதம்தான் காரணம்.

சரியாகக் கோத்தால் இரண்டு கண்ணிகளும் ஒன்றையொன்று சமமாகப் பற்றி, இரு கைகள் விரல் மடக்கிக் கொக்கி போட்டதுபோல் நிற்கும். தவறாகப் போனால் ஒரு கண்ணி பின்னால் புரண்டு, மற்றதன் கழுத்தில் சுருக்குப் போட்டுவிடும். அந்தச் சுருக்கு ஒவ்வொரு வீச்சிலும் லைனின் மேலுறையை ரம்பம்போல அறுக்கும். கடினமான ஃப்ளூரோகார்பன் நரம்பு இன்னும் சீக்கிரம் அறுக்கும்.

கோக்கும் வரிசை: லைனின் கண்ணியை லீடரின் கண்ணிக்குள் விடுங்கள். லீடரின் மெல்லிய நுனியை எடுத்து லைனின் கண்ணிக்குள் நுழைத்து, லீடர் முழுவதையும் அதன் வழியே இழுங்கள். கடைசி 2 செ.மீ. இருக்கும்போது நிறுத்தி, இரண்டு கண்ணிகளையும் விரலால் பின்னோக்கித் தள்ளிச் சமமாக உட்காரவையுங்கள். அதன்பிறகு இறுக்குங்கள். பார்க்காமல் சட்டென்று இழுத்தால்தான் புரள்கிறது.

உள்ளிழை தெரிந்துவிட்ட கண்ணியை ரெசின் பூசிக் காப்பாற்ற முயல வேண்டாம். வெட்டிவிட்டு, மேலே சொன்ன மடித்த கண்ணியைக் கட்டுங்கள். கடைகளில் கிடைக்கும் பின்னல் கண்ணியையும் மாட்டலாம். லைன் நுனியை அதற்குள் 4 செ.மீ.யாவது நுழைக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பின்னல் சுருங்கி லைனைப் பற்றிக்கொள்ளும். ஆனால் பின்னலின் வால்முனை பிரிந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். எனவே வால்முனையில் ஒரு துளி சூப்பர் குளூ விட்டு, அதன்மேல் சிறிய உறைக்குழாயை நகர்த்தி மூடுங்கள். துளி பெரிதானால் பசை ஊறிப் பின்னல் முழுவதும் குச்சிபோல விறைக்கும். அங்கே லைன் மடியும்.

அறிகுறி: இணைப்பு ராடின் நுனி வளையத்தில் மாட்டுகிறது

லீடர் 2.7 மீ., ராடும் 2.7 மீ. என்றால், மீனைக் கைவலைக்குக் கொண்டுவரும் கடைசி நேரத்தில் இணைப்பு நுனி வளையத்தைத் தாண்டி உள்ளே வந்தே தீரும். அந்த நேரத்தில் மீன் திரும்பி ஓடினால், மாட்டிய முடிச்சு லைனை நிறுத்திவிடும். டிப்பெட் அறும். டிப்பெட் பலவீனம் என்று நினைத்துத் தடித்த டிப்பெட்டுக்கு மாறிவிடுவார்கள். கோளாறு மேலே இருக்கிறது.

சோதனை எளிது. ராடை மேல்நோக்கிப் பிடித்து, இணைப்பை நுனி வளையத்தின் வழியே இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளே வரும்போது மாட்டினால் நறுக்காமல் விட்ட நரம்பு முனைதான் காரணம். வெளியே போகும்போது மாட்டினால் லைனின் வெட்டு முனை துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் முடிச்சை ஒட்டி நறுக்கி, யுவி ரெசினை நெல்மணி வடிவத்தில் பூசுங்கள்: நடுவில் சற்றே பருத்து, இரு நுனியிலும் மெலிந்து. ரெசினைக் குவித்துவைத்தால் மேடு பெரிதாகி முன்பைவிட மோசமாகும். விளக்கைக் காட்டும்போது விரலால் சுழற்றிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் ரெசின் கீழ்ப்பக்கம் வடிந்து உறையும்.

லீடரில் பெர்ஃபெக்‌ஷன் கண்ணி போட்டிருந்தால் அதன் மிச்ச முனை நரம்புக்குக் குறுக்காக நீட்டி நிற்கும். அது அந்த முடிச்சின் அமைப்பு. 1 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். அதே கண்ணியைச் சர்ஜன் கண்ணியாகப் போட்டால் பலம் சற்றுக் கூடும், ஆனால் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாயும். லைன் இணைப்புக்கு நேராக நிற்பதே முக்கியம், பலம் அங்கே ஏற்கெனவே மிச்சமிருக்கிறது.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடக்கும்போது ரீலைச் சுற்றி இணைப்பை வளையங்களுக்குள் இழுத்துவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். லீடரை ரீலின் அடியில் சுற்றிக் கொண்டுபோய் ஏதேனும் ஒரு கைடில் ஃப்ளையை மாட்டினால், இணைப்பு நுனிக்கு வெளியே நிற்கும்.

அறிகுறி: வீச்சில் லீடர் விரியாமல் குவிந்து விழுகிறது

இங்கே எங்கே குவிகிறது என்று பார்ப்பதே பாதி வேலை.

லீடர் முழுவதும் லைன் நுனியருகே கொத்தாக விழுந்தால் கோளாறு இணைப்பிலோ தடித்த அடியிலோ இருக்கிறது. இணைப்பை நடுவில் வைத்து இரண்டு கைகளாலும் 15 செ.மீ. இடைவெளியில் பிடித்து, கைகளை மெல்ல நெருக்குங்கள். வில்போல ஒரே சீராக வளைய வேண்டும். இணைப்பில் கூராக மடிந்தால் அங்கே கதவுக்கீல் போல ஒன்று உருவாகியிருக்கிறது. விசை அதைத் தாண்டாது. லைன் வளைந்து லீடர் விறைத்து நின்றால் அடிமுனை தடிமன் அதிகம். லீடர் மட்டும் துவண்டால் தடிமன் போதவில்லை.

லைன் நுனித் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு லீடர் அடிமுனைக்கு இருப்பது நல்ல தொடக்கம். நுனி 0.9 மி.மீ. என்றால் அடிமுனை 0.55 முதல் 0.60 மி.மீ. ஆனால் தடிமன் மட்டும் போதாது. ஒரே தடிமனில் ஒரு நைலான் விறைப்பாகவும் இன்னொன்று துவண்டும் இருக்கும். கையால் வளைத்துப் பார்த்ததையே நம்புங்கள். கீல் உருவானது இரு கண்ணிகளும் பெரிதாக இருப்பதால் என்றால், லீடர் கண்ணியை ஒரு செ.மீ. அளவுக்குச் சிறிதாக்குங்கள். பின்னல் கண்ணியில் கீல் விழுந்திருந்தால் பெரும்பாலும் லைன் நுனி கண்ணியின் அடிவரை போய்ச் சேரவில்லை, இடையில் வெற்றுப் பின்னல் இருக்கிறது.

லீடர் நேராக விரிந்து, கடைசி ஒரு மீட்டர் மட்டும் குவிந்தால் இணைப்பைத் தொடாதீர்கள். டிப்பெட் நீளமாகவோ மெல்லியதாகவோ இருக்கிறது, அல்லது ஃப்ளை பெரிது. தூண்டில் முள்ளின் அளவு எண்ணை மூன்றால் வகுத்தால், டிப்பெட்டின் தடிமனைச் சொல்லும் எக்ஸ் எண் ஏறத்தாழக் கிடைக்கும்: 12ஆம் எண் முள்ளுக்கு 4எக்ஸ். இந்த எக்ஸ் எண், பட்டுப்புழுவிலிருந்து எடுத்த நரம்பை லீடராகக் கட்டிய காலத்தில் வந்தது; துளைத்தகட்டின் வழியே எத்தனை முறை இழுத்து மெலியவைத்தார்கள் என்பதைக் குறித்தது. இன்று 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும். 5எக்ஸ் என்றால் 6, அதாவது 0.15 மி.மீ.

லீடரை நீங்களே துண்டுகளாகக் கட்டுகிறீர்கள் என்றால் தடித்த அடி 60 விழுக்காடு, இறங்கும் நடுப்பகுதி 20, டிப்பெட் 20 என்ற பங்கீடு நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. 2.7 மீ. லீடருக்கு 1.6 மீ., 0.55 மீ., 0.55 மீ. குவியும் லீடர்களை அளந்து பாருங்கள். பல தடவை டிப்பெட் மாற்றி மாற்றி முடிந்த பிறகு நடுப்பகுதியே காணாமல் போயிருக்கும்; 0.40 மி.மீ. நரம்பிலிருந்து நேராக 0.15க்குத் தாவியிருப்பார்கள்.

அறிகுறி: டிப்பெட் சேரும் முடிச்சிலேயே திரும்பத் திரும்ப அறுகிறது

இரண்டு நரம்புக்கும் தடிமன் வேறுபாடு 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பிளட் நாட் (இரு நரம்பும் ஒன்றையொன்று சுற்றும் முடிச்சு) நன்றாகப் பிடிக்கும், இரு பக்கமும் 5 சுற்று. வேறுபாடு அதைத் தாண்டினால் மெல்லிய நரம்பு தடித்ததைச் சுற்றும்போது கடித்து அறும். அப்போது சர்ஜன் முடிச்சுக்கு மாறுங்கள்: இரு நரம்பையும் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டையும் ஒன்றாகப் பாவித்து வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் டிப்பெட் முழுவதையும் லீடரின் மிச்ச முனையையும் இரண்டு முறை நுழைத்து எடுங்கள். நைலானோடு ஃப்ளூரோகார்பனைச் சேர்ப்பதானால் மூன்று முறை, ஏனென்றால் ஃப்ளூரோகார்பன் கடினமானது, எளிதில் வழுகும். இறுக்கும்போது நான்கு முனைகளையும் சேர்த்து இழுக்க வேண்டும். நீளமான இரண்டை மட்டும் இழுத்தால் உள்ளே ஒரு இழை தளர்வாக நின்று, இழுப்பு முழுவதையும் மற்றது ஒன்றே சுமக்கும்.

முனை வெள்ளை பூத்திருந்ததா? நனைக்காமல் இறுக்கியிருக்கிறீர்கள். முடிச்சு சரியாக இருந்தும் வேறெங்கோ நடுவில் அறுந்தால், வீச்சில் விழுந்த சாதா ஒற்றை முடிச்சு இருந்திருக்கும். அது நரம்பின் பலத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை டிப்பெட்டை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். இறுகாத முடிச்சென்றால் ஊசியால் அவிழ்க்கலாம். இறுகியதை வெட்டியே ஆக வேண்டும்.

நைலான் வெயிலில் நாளாக நாளாக நலியும். பழைய சுருளில் இருந்து எடுத்த நரம்பில் எந்த முடிச்சும் நிற்காது. ஒரு முழம் எடுத்துச் சாதா முடிச்சுப் போட்டு இழுங்கள். பொட்டென்று போனால் சுருளையே மாற்றுங்கள்.

லீடர் குட்டையாகிக்கொண்டே போவதைத் தடுக்க, லீடர் நுனியில் டிப்பெட் வளையம் எனப்படும் 2 மி.மீ. உலோக வளையத்தைக் கட்டி, டிப்பெட்டை அதில் மாட்டுவது நல்ல ஏற்பாடு.

அறிகுறி: மிதக்கும் லைனின் நுனி மட்டும் மூழ்குகிறது

பின்னல் உள்ளிழை விளக்குத்திரிபோலத் தண்ணீரை இழுக்கும். நெயில் நாட்டுக்கு முன்னால் நறுக்கிய லைன் முனை திறந்தே இருந்தால் அதன் வழியே ஏறும். ஒரு இரவு உலரவிட்டு, வெட்டு முனையில் ஒரு துளி ரெசின் வைத்து அடையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும். முடிச்சுக்கு மேலே மேலுறையில் வெடிப்பு இருந்தால் அந்தப் பகுதியை வெட்டத்தான் வேண்டும். அழுக்கினால் மூழ்குகிறதா என்று பார்க்க வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் நுனி 3 மீ.யைத் துடையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மூழ்கினால் லீடரின் அடிப்பகுதி ஃப்ளூரோகார்பனா என்று பாருங்கள். நைலானின் அடர்த்தி 1.14, ஃப்ளூரோகார்பனுக்கு 1.78. அது லைன் நுனியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

வெட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. லைன் நுனி படிப்படியாக மெலியும்படி செய்யப்பட்டது. ஒவ்வொரு முறை லீடர் மாற்றும்போதும் 3 செ.மீ. வெட்டினால் பத்து முறையில் 30 செ.மீ. போய்விடும், ஃப்ளை தண்ணீரில் பொத்தென்று விழத் தொடங்கும். இதற்கு வழி, 0.50 முதல் 0.55 மி.மீ. நைலான் 40 செ.மீ. எடுத்து லைனில் நிலையாகக் கட்டி, அதன் நுனியில் பெர்ஃபெக்‌ஷன் கண்ணி போட்டுவைப்பது. லீடர்கள் அந்தக் கண்ணியில் மாறட்டும், லைன் நுனி பத்திரமாக இருக்கும்.

மற்ற சில

புதிய லீடர் பிரிக்கும்போதே சிக்கினால், சுருளைக் கம்பிச்சுருள்போல இழுத்திருக்கிறீர்கள். மூன்று விரலைச் சுருளுக்குள் விட்டு, தடித்த முனையைச் சுற்றியுள்ள மடிப்புகளை முதலில் அவிழ்த்து, சுருளைச் சுழற்றிச் சுழற்றிப் பிரியுங்கள்.

வளைவு வளைவாக நிற்கும் லீடரை 30 செ.மீ. துண்டு துண்டாக இரு கையிலும் பிடித்து இழுத்துப் பத்து நொடி வையுங்கள். தடித்த பகுதியை ரப்பர் துண்டால் உருவினால் சூட்டில் நேராகும். டிப்பெட்டை அப்படித் தேய்க்காதீர்கள்.

டிப்பெட் கயிறுபோல முறுக்கிக்கொண்டால் ஃப்ளை காற்றில் சுழல்கிறது. இறகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து ஃப்ளையை மாற்றுங்கள், அல்லது டிப்பெட்டை ஓர் எக்ஸ் தடிமன் கூட்டிக் குட்டையாக்குங்கள்.

மூழ்கும் லைன் போட்டும் ஃப்ளை மேலேயே நிற்கிறதென்றால் லீடரின் நீளம் அதிகம். லைன் ஆழத்துக்குப் போனாலும் 3 மீ. நைலான் ஃப்ளையை மேலே நிறுத்திவிடும். 1 முதல் 1.5 மீ. வரை 0.28 மி.மீ. நரம்பு ஒரே துண்டாகப் போதும். இங்கே லீடரைப் படிப்படியாக மெலியவைக்க வேண்டிய தேவையே இல்லை.